வடை மடித்த காலைச் சுருக்கம்

யாருமே படிக்காத ஒன்றை நாள் தவறாமல், அதுவும் பிழையில்லாமல் எழுதுகிற வேலை எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டுமானால் என்னைக் கேளுங்கள். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி பெங்களூர் ரோட்டின் மேலேயே பம்பு மோட்டார் செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே லைப்ரரி என்று ஓர் அறை. அந்த அறைக்கு அதிகாரி, குமாஸ்தா, கூட்டுகிறவள் எல்லாம் நான்தான். எண்பத்தொன்றாம் வருஷத்துக் கதை இது.

லைப்ரரி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஸ்டோர்ஸ் கட்டிடத்தின் கோடியில் பெயிண்ட் டப்பா அடுக்கியிருந்த அறையைக் காலி செய்து, இரண்டு இரும்பு அலமாரியும் ஒரு மேஜையும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மழை பெய்தால் இன்னமும் பெயிண்ட் வாசனை வரும். எங்கள் ஜெனரல் மேனேஜர் பம்பாயில் ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தார். வந்ததிலிருந்து, "மேனேஜர்களுக்குத் தகவல் வேணும், தகவல் இல்லாம முடிவெடுக்கக் கூடாது" என்று ஒரே பாட்டு. அந்தப் பாட்டில் பிறந்ததுதான் என் வேலை. பேர், காலைச் சுருக்கம்.

அதாவது, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் நான் அன்றைய பேப்பர்களை எல்லாம் படிக்க வேண்டும். இரும்பு விலை, செப்பு விலை, மின்வெட்டு, சர்க்கார் உத்தரவு, எந்த மில்லில் கதவடைப்பு, எவன் புதிதாகப் பம்பு செய்ய வருகிறான், ஜி.எம். கொடுத்தனுப்புகிற கம்பெனிச் செய்தி, எல்லாவற்றையும் பொறுக்கி, மேலே 'ஆபீசர்களுக்கு மட்டும்' என்று போட்டு, ஒரே பக்கத்தில் சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியங்களாக ஸ்டென்சிலில் டைப் அடிக்க வேண்டும். ஜி.எம்.முக்குச் செய்தித்தாள் மாதிரி இருந்தால்தான் பிடிக்கும். அதனால் இரண்டு பத்தியாகப் பிரித்து அடிப்பேன். அப்புறம் சைக்ளோஸ்டைல் மெஷினில் போட்டுச் சுற்றிப் பிரதி எடுத்து, ஒவ்வொரு பிரதியின் வலது மேல் மூலையிலும் நீலப் பென்சிலால் எந்த மேனேஜருக்கு என்று எழுதி, டீ வேளைக்கு முன்னால் அவரவர் மேஜைக்குப் போய்ச் சேர வேண்டும். கையில் ஒட்டிய மை ஞாயிற்றுக்கிழமைதான் போகும். திங்கட்கிழமை மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவு பாடுபட்டுக் கொடுக்கிறேனே, ஒருத்தராவது படித்தாரா? பர்சேஸ் மேனேஜர் சுப்பராயன் லைப்ரரிக்கு வருவார். எதற்கு? பையனைச் சேர்க்க நினைக்கிற காலேஜுகளின் விலாசம் தேடுவதற்கு. புரொடக்‌ஷன் மேனேஜர் சாப்பாட்டுக்குப் பிறகு அலமாரிக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒரு தூக்கம் போடுவார். பெர்சனல் மேனேஜர் பலராமன் இருக்கிறாரே, அவருக்கு வாரப் பத்திரிகையில் வருகிற தொடர்கதை வேண்டும். "என்னம்மா காந்திமதி, அந்தப் பொண்ணு கிணத்துல குதிச்சாளா இல்லையா?" என்று வாசலிலிருந்தே கேட்டுக்கொண்டு வருவார். கம்பெனியில் இருக்கிற ஆள், அம்பு, லீவு, சண்டை அத்தனைக்கும் பொறுப்பானவர் அவர். கிணற்றில் குதிக்கிற பெண்ணைப் பற்றித்தான் கவலை.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. என்னதான் ஆகிறது பார்க்கலாம் என்று, செப்பு விலைக்கும் மின்வெட்டுக்கும் நடுவில், "நேற்று இரவு நிலா செம்பரம்பாக்கம் ஏரியில் விழுந்தது. சேதம் இல்லை" என்று அடித்துவிட்டேன். அன்று முழுக்கப் பயம். யாராவது கூப்பிட்டுக் கிழித்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் எழுந்து நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது பயம் போய் அழுகை வந்தது.

இருந்தும் ஏன் அந்த வேலையைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த நூல் மில்லை மூடிவிட்டார்கள். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஆனால் நான் டெம்பரவரி. ஆரம்பித்த நாளிலிருந்தே டெம்பரவரி. அந்த வருஷம் ஜி.எம். கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இந்த மாதம் ஒரு முடிவு எடுப்பார். லைப்ரரியால் உபயோகம் இருக்கிறது என்று தெரிந்தால் என்னை நிரந்தரமாக்குவார். இல்லையென்றால் அறை பழையபடி பெயிண்ட் டப்பாவுக்கு, நான் வீட்டுக்கு. என் ஃபைல் அவர் மேஜையில்தான் இருந்தது.

அந்த மாதத்தில்தான் அந்தக் காலை வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கினால் கேட்டுக்கு வெளியே ஒரே கூட்டம். ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர்கள் யாரும் உள்ளே போகவில்லை. சைக்கிள்களைச் சாய்த்துவிட்டுப் புளியமரத்தடியில் நிற்கிறார்கள். தண்டலம், வடக்குப்பட்டு என்று சுற்றுவட்டார ஊர் ஆட்கள் எல்லாம் அங்கேதான். நான் ஓரமாக நழுவிப் போகப் பார்த்தேன். வைண்டிங் செக்‌ஷன் கோதண்டம் வழிமறித்தார். மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றுகிறவர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது பெரியவர், எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படித்தவர். அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"உன்னத்தாம்மா பாத்துகினு கீறோம்" என்றார்.

"என்னையா? எதுக்கு?"

"ஓசூர்ல புச்சா ஃபேக்டரி கட்றாங்களாம். மோட்டாரெல்லாம் இனிமே அங்கதான் செய்வாங்களாம். அப்ப நாங்க இன்னா பண்றது, வூட்ல குந்திகினு கீறதா? நேத்து சாயங்காலம் பலராமன் சாரப் போயி கேட்டம். அப்டி ஒண்ணுமே இல்ல, எவன் சொன்னான்னு எகிர்றாரு. எங்க மூஞ்சப் பாத்து பொய் சொல்றாரும்மா."

"உங்களுக்கு யார் சொன்னது?"

"இன்னாம்மா இப்டி கேக்கற? நீ எழுதனதுதானே!"

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்து நீட்டினார். எண்ணெய் ஊறி, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தெரிகிற மாதிரி ஆகியிருந்தது. என் டைப்ரைட்டரின் எழுத்து. காலைச் சுருக்கத்தின் வலப்பக்க மேல் கால்பாகம்.

"வட மடிச்ச பேப்பரும்மா" என்றார் கோதண்டம். "ஆபீசுங்க கூட்றவ குப்பக் கூடையில கீற பேப்பரையெல்லாம் கேன்டீனுக்குக் குடுத்துடுவா. பாப்பம்மா அத நாலாக் கிழிச்சி வட மடிச்சித் தரும். ஒருபக்கம் வெள்ளையா கீதில்ல, சுத்தமா இருக்கும். வட துன்னுட்டு நான் படிச்சி சொல்வேன், இவங்கெல்லாம் கேப்பாங்கோ. நீ சின்னச் சின்னதா எழுதறதால எனக்கும் புரிஞ்சிடுது. ரெண்டு மூணு வருசமா இதான் எங்களுக்குப் பேப்பரு."

பக்கத்திலிருந்த இன்னொருவர் சிரித்தார். "நிலா ஏரில வுழுந்துச்சின்னு ஒருநா போட்டியேம்மா! அன்னிக்கு நாங்க சிரிச்ச சிரிப்புல சூப்பர்வைசர் ஓடியாந்துட்டாரு."

கேட்டருகே அவ்வளவு பேர் கோபத்தோடு நிற்கிறார்கள், இதனாலேயே என் வேலை போகலாம், ஆனாலும் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! நிலா விழுந்ததை ஒருவர் படித்திருக்கிறார். ஒருவர் அல்ல, ஒரு செக்‌ஷனே படித்திருக்கிறது. வெட்கம் கெட்டு எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்புறம்தான் அந்தத் துண்டைச் சரியாகப் பார்த்தேன். "நம் கம்பெனி ஓசூரில் இரண்டாவது தொழிற்சாலைக்கு அனுமதி கேட்டிருக்கிறது. அங்கே மோட்டார் தயாரிக்கப்படும்" என்பதோடு காகிதம் கிழிந்திருந்தது.

"ஐயோ கோதண்டம், இதுக்குக் கீழே இன்னும் இருக்கு! இங்கே இருக்கிற ஃபேக்டரி அப்படியே நடக்கும், ஒரு மெஷினும் இங்கிருந்து போகாதுன்னு அடுத்த வரியிலேயே அடிச்சிருந்தேனே!"

"அது நமக்கு வரலியே" என்றார் கோதண்டம். "அது வேற எவன் வடையோடயோ பூட்ச்சி."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கால் பாகத் தாளைப் படித்துவிட்டு ஒரு ஷிஃப்டே வெளியில் நிற்கிறது! ஓடினேன். லைப்ரரியைத் திறந்து ஆபீஸ் பிரதியை எடுத்துக்கொண்டு திரும்பவும் கேட்டுக்கு ஓடிவந்தேன். கோதண்டம் அதை வாங்கி, விரலை வைத்து மெதுவாக, மேல் பாதியும் கீழ் பாதியும் சேர்த்து எல்லோருக்கும் படித்தார். ஓர் ஆள் போதாது என்று இன்னொருவரும் வாங்கிப் பார்த்தார். "இத மொதல்லயே அந்தாளு சொல்லியிருந்தா இன்னாவாம்?" என்று முணுமுணுத்துக்கொண்டே சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். அப்பாடா என்று திரும்பினால் பின்னால் பலராமன் சாரின் ஜீப். அவர் பார்த்ததெல்லாம், நான் கேட்டில் நின்று தொழிலாளர்கள் கையில் காகிதம் கொடுத்ததைத்தான்.

டீ வேளைக்குள் ஜி.எம். அறைக்குக் கூப்பிட்டாகிவிட்டது. மேனேஜர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் நின்றேன்.

"ஆபீசர்களுக்கு மட்டும்னு போட்ட விஷயத்தை இந்த அம்மா கேட்ல நின்னு வர்க்கர்ஸ்கிட்ட கொடுக்குது சார்" என்றார் பலராமன். "என் ரெண்டு கண்ணால பார்த்தேன். நேத்து அவங்க வந்து ஓசூர் ஓசூர்னு கத்தும்போது எனக்கு ஒண்ணுமே புரியலை, அப்படி ஒண்ணுமே இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன். இப்பத்தானே தெரியுது, விஷயம் எங்கிருந்து கசிஞ்சதுன்னு."

"மிஸஸ் காந்திமதி, நீங்க கொடுத்தீங்களா?" என்றார் ஜி.எம்.

"இன்னிக்குக் கொடுத்தேன் சார், அவங்களை உள்ளே அனுப்பறதுக்காக. அதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட இருந்தது. இது கேன்டீன்ல வடை மடிச்ச பேப்பர்."

கோதண்டத்திடம் வாங்கி வைத்திருந்த துண்டு என் கையில்தான் இருந்தது. ஜி.எம். அதைப் பார்த்தார். "கேன்டீனுக்கு எப்படிப் போச்சு?" என்றார்.

பதில் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்ல முடியவில்லை. யோசித்துப் பாருங்கள். நான்தான் கொடுத்தேன் என்றால் வேலை போகும். இவர்கள் யாரும் படிப்பதில்லை சார், அப்படியே குப்பைக் கூடையில் போடுகிறார்கள் என்று உண்மையைச் சொன்னாலும் வேலை போகும். யாரும் படிக்காத காகிதத்துக்கு எதற்கு ஒரு லைப்ரரி, எதற்கு ஒரு காந்திமதி? என் மேல் தப்பில்லை என்று காட்ட வேண்டுமானால், என் வேலையே தண்டம் என்று நானே என் வாயால் சொல்ல வேண்டும். இப்படியும் ஒரு தலையெழுத்து உண்டா?

"திருதிருன்னு முழிக்கறதைப் பாருங்க சார்" என்றார் பலராமன்.

அந்த வார்த்தைதான். இவ்வளவு வருஷத்து அலுப்பும் மேலே வந்துவிட்டது. போகிற வேலை போய்த் தொலையட்டும் என்று காகிதத்தை மேஜைமேல் வைத்தேன்.

"மூலையில பேர் எழுதியிருக்கு சார். யாருடைய பிரதின்னு பார்த்துட்டு அவரையே கேளுங்க."

ஜி.எம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். எண்ணெயில் ஊறினாலும் நீலப் பென்சில் அழியாது. "பெர்சனல் மேனேஜர்" என்று இருந்தது.

பலராமன் முகம் சுருங்கியதைப் பார்த்து எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் அவர் பழம் தின்று கொட்டை போட்ட ஆள். "படிச்சுட்டுத்தான் சார் போட்டேன்" என்றார். "தினம் முழுசாப் படிச்சுடுவேன். படிச்சப்புறம் எதுக்குன்னு கூடையில போடறது."

"ஓசூர் விஷயம் படிச்சீங்களா? அப்ப ஏன் அவங்ககிட்ட அப்படி ஒண்ணுமே இல்லைன்னு சொன்னீங்க?"

"அது... ரகசியமா இருக்கட்டும்னு சார்."

ஜி.எம். மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "மத்தவங்க?"

அப்போது நடந்ததைப் பார்க்க வேண்டுமே! "ரொம்ப உபயோகமா இருக்கு சார்" என்றார் சுப்பராயன். "செப்பு விலையே அதுல பார்த்துத்தான் சார் ஆர்டர் போடறேன்." அவர் செப்பு விலையைத் தரகரிடம் ஃபோனில் கேட்பது ஊருக்கே தெரியும். "காலையில அதைப் படிக்கலைன்னா எனக்கு வேலையே ஓடாது" என்றார் அலமாரிக்குப் பின்னால் தூங்குகிற புரொடக்‌ஷன் மேனேஜர். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் என் காலைச் சுருக்கத்தைப் புகழ்ந்தார்கள். படிக்கவில்லை என்று ஒருவராவது சொன்னால் மற்றவர்களும் மாட்டிக்கொள்வார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைக்காத பாராட்டெல்லாம் அன்று அந்த அறையில் ஒரே நாளில் கிடைத்தது.

ஜி.எம். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் லைப்ரரியை ஆரம்பித்தவர் அவர். பம்பாயில் போய்ப் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருப்பார். யாரும் படிப்பதில்லை என்றால் அவருக்கும் அவமானம்தானே.

"இவ்வளவு உபயோகமான சர்வீஸை டெம்பரவரியா வைக்கிறது தப்பு" என்று சொல்லி, என் ஃபைலை இழுத்து அங்கேயே கையெழுத்துப் போட்டார். "ஆனா இனிமே ஒரு துண்டு வெளியில போகக் கூடாது. மடிச்சு, பின் குத்திக் கொடுங்க. படிச்சு முடிச்சதும் அவங்க மேல கையெழுத்துப் போட்டு சாயங்காலம் உங்ககிட்டயே திருப்பித் தரணும். நீங்க அதை எரிச்சுடணும். ஒண்ணு குறைஞ்சாலும் நீங்கதான் பொறுப்பு."

நிரந்தரமாகிவிட்டேன். வீட்டுக்காரர் அன்று ஸ்ரீபெரும்புதூர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். நானும் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்வானேன், அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாளிலிருந்து புது முறை. ஒவ்வொரு பிரதியையும் மூன்றாக மடித்து, ஓரத்தில் ஒரு குண்டூசி குத்தி, வெளிப்பக்கத்தில் பேர் எழுதி அனுப்பினேன். சாயங்காலம் எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்தன. எல்லாவற்றின் மேலும் கையெழுத்து. பலராமன் சார் தேதிகூடப் போட்டிருந்தார். குண்டூசி நான் குத்தின இடத்திலேயே, குத்தின மாதிரியே இருந்தது. ஒருத்தர்கூடப் பிரிக்கவில்லை. முன்பாவது பறந்துபோகாமல் இருக்க மேலே பேப்பர் வெயிட் வைப்பார்கள், தற்செயலாகக் கண்ணில் ஒரு வரி படும். இப்போது அதுவும் இல்லை. பெயிண்ட் ஷாப்புக்குப் பின்னால் கொண்டுபோய் எல்லாவற்றையும் எரித்தேன். மறுநாளும் எரித்தேன். காலையில் எழுதுவது, சாயங்காலம் எரிப்பது. அதற்கு இப்போது நான் நிரந்தரம்.

கேன்டீன் பக்கம் போனபோது பாப்பம்மாள் பிடித்துக்கொண்டாள். "இன்னாம்மா, பேப்பர் வர்றதே நின்னுபூட்ச்சி? பூவரச எலைல மடிச்சிக் குடுக்கறேன், இந்தாளுங்க மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு போறாங்கோ. நானா அவங்களுக்கு எழுதித் தர முடியும்?" என்றாள். நான் என்ன சொல்வது? மேலிடத்து உத்தரவு என்றேன்.

ஒரு வாரம் போயிருக்கும். சாயங்காலம் எரிக்க வேண்டிய பிரதிகளைப் பையில் போட்டுக்கொண்டு பெயிண்ட் ஷாப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். ஷிஃப்ட் முடிந்து கோதண்டம் எதிரில் வந்தார். டிபன் டப்பாவைக் கை மாற்றிக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, அந்த ஆவடிப் பக்கத்து மில்லு கதவடைப்பு இன்னாச்சி? என் மச்சான் அங்கதான் வேல செய்றான். கடசியா பேச்சுவார்த்தன்னு போட்டிருந்த. அப்பால ஒண்ணும் தெரியல."

"திறந்துட்டாங்க கோதண்டம். நேத்து திறந்துட்டாங்க. எல்லாரையும் திரும்ப எடுத்துக்கிட்டாங்களாம்."

அது அன்றைய சுருக்கத்தில் இருந்தது. என் பைக்குள், மடித்து, குண்டூசி குத்தி, கையெழுத்துகளோடு.

"அப்பா! வயித்துல பால வார்த்த" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. ஓர் அடி நடந்தவர் திரும்பினார். "எங்களுக்குப் பேப்பர் வர்லன்னு இவங்கெல்லாம் கத்திகினு கீறானுங்க. நான்தான் சொன்னேன், போங்கடா, முன்ன ஆபீசருங்க அதத் தூக்கிக் குப்பைல போட்டாங்கோ, இப்பப் பத்திரமா வச்சிகினு படிச்சி கையெழுத்துப் போட்டுக் குடுக்கறாங்களாமே, அதான் நமக்கு வர்ல. நல்லதுதாம்மா. இம்மா நாளு கஷ்டப்பட்டு எழுதன. இப்பத்தான் உன் எழுத்துக்கு மருவாதி வந்திருக்கு."

அவரிடம் பையைத் திறந்து காட்டியிருக்கலாம். ஒன்று குறைந்தாலும் நான்தான் பொறுப்பு. என் வீட்டு அடுப்பு கண்முன் வந்து நின்றது. "ஆமா கோதண்டம்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே கேட்டைப் பார்த்துப் போனார். நான் பெயிண்ட் ஷாப்புக்குப் பின்னால் போய், குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவி டப்பாவில் போட்டேன். நாளைக்கு வேண்டுமே. அப்புறம் தீக்குச்சியைக் கிழித்தேன்.